எனக்குத் தெரிந்து இருவர்

உத்திரட்டாதிக்கு நாலு எழுத்து என்று
சிராங்கூன் சாலைக் கோயிலில் எழுதிக்கொடுத்தார்கள்:
து, ஞ, ச, ஸ.
இரவு வேலைக்கு இன்னும் மூன்று மணி நேரம்.
துறைமுகத்தில் கொள்கலன் எண்களைச் சரிபார்க்கும் அப்பாவுக்கு
ஒரே எண் இரண்டு பெட்டியில் இருந்தால் ஆகாது.

ஞ-வில் எல்லாரும் ஞானத்தையே எடுத்துப்போகிறார்கள்.
பிறந்து ஒன்பது நாள்தான், அதற்குள்
அதை ஏன் பிள்ளை தலையில் ஏற்றுவானேன் என்றாராம்.
அகராதியில் ஞ-வுக்கு ஒன்றரைப் பக்கம்.
ஞண்டு: நண்டு.
ஞமலி: நாய்.
ஞாயிறு, ஞாலம். இரண்டும் ரொம்பப் பெரிசு.
ஞாழல்: ஒரு மரம்.
அடுத்த வரியில் ஞாளி. அதுவும் நாய்.
விரல் ஒரு வரி சறுக்கியிருந்தால் உன் கதி என்று
அம்மா இன்றும் சிரிப்பாள்.

என்ன மரம் என்பதில் ஒற்றுமை இல்லை.
புலிநகக் கொன்றை என்பார்கள் சிலர்,
அது வேறு இது வேறு என்பார்கள் சிலர்.
கடலோரத்தில் நிற்கும், பூ கடுகளவு,
உதிர்ந்தால் மணல் நிறம் மாறும்.
இவ்வளவுதான் தடயம்.
பாசிர் ரிஸ் கரையில் நின்று தேடியிருக்கிறேன்.
பெயர்ப்பலகை இல்லாமல் எதிரே நின்றாலும்
எனக்கு எப்படித் தெரியும்?

ஆங்கிலத்தில் எழுத அப்பா ஏழு எழுத்து செலவழித்தார்.
ஏழும் வீண்.
பள்ளியில் நான் நாசல், மூக்கடைப்பு மருந்து.
காப்பிக் குவளையில் கஸால், நஸ்லா, ஒருமுறை வெறும் கேள்விக்குறி.
தமிழர் வீடுகளில் மட்டும் என்ன?
சித்தப்பாவுக்கு நாளல்.
அத்தை எதற்கு வம்பென்று பாப்பா என்பாள்,
எனக்கு முப்பத்து நாலு வயதிலும்.

ஞ-வை முதலில் சரியாகச் சொன்னவள் ரொஸ்மாவாத்தி,
தொடக்கநிலை இரண்டில் பக்கத்து நாற்காலி.
கொசுவே ஞ-வில் தொடங்கும் வீட்டில் வளர்ந்தவளுக்கு
நான் என்ன பெரிய சிரமம்!
ழ-வைச் சொன்னவள் லியூ யான்,
ஹார்பினிலிருந்து எதிர்வீட்டுக்கு வந்த மருமகள்.
ஒன்றுக்கு அடுத்து அவள் இரண்டு என்று எண்ணும்போது
நாக்கு மடிகிறதே, அதே இடம்.
இருவரையும் ஒரே மின்தூக்கியில் நிறுத்தினால்
என் பெயர் முழுசாக வந்துவிடும்.
நிறுத்த வாய்க்கவில்லை.

இப்போது தோ பாயோ பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுக்கிறேன்.
மூன்று மாதக் கர்ப்பிணி ஒருத்தி
ஊசியைப் பார்க்கக்கூடாதென்று
என் சட்டையில் குத்திய பெயரையே பார்த்தாள்.
இது என்ன?
மரம்.
எங்கே இருக்கு?
தெரியாது.
பரவாயில்லையே, என்று சிரித்தாள்.
மூன்று குழாய் நிரம்பியது. பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.
அவ்வளவுதான் பேச்சு.

எட்டு மாதம் கழித்து, தடுப்பூசி அறையிலிருந்து
யாரோ கூப்பிட்டார்கள்,
ஞ சுத்தமாக, ழ கொஞ்சம் வழுக்கி.
கையிலிருந்ததை வைத்துவிட்டு நான் எழுந்துவிட்டேன்.
வாழ்நாளில் முதல்முறையாக
அது எனக்கான அழைப்பு இல்லை.

ஞாழல் பிந்தே ஹைருல்.
மஞ்சள் தொப்பி, வாயில் தன் முஷ்டி.
ரிஸ்வானா குழந்தையைத் திருப்பிக் காட்டினாள்.
அவர் வீட்டில் ஞ-வுக்கு யாரும் மூச்சு வாங்கலை அக்கா,
மாமியார்தான் ழ-வில் மாட்டிக்கிட்டு
தினம் பயிற்சி பண்றாங்க.
சான்றிதழில் அவள் என், ஒய் என்று தொடங்குகிறாள்.
எனக்கு முதலில் ஜி.
அகரவரிசைப்படி அடுக்கினால்
நாங்கள் இருவரும் சந்திக்கவே மாட்டோம்.

இரவு அப்பாவிடம் சொன்னேன்.
ஓய்வு பெற்றுப் பதினோரு ஆண்டு.
தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.
ஒரே எண் இரண்டு பெட்டியிலா, என்றார்.
திரும்ப சத்தத்தைக் கூட்டினார்.
விளம்பரம் வந்ததும்,
எடை எவ்வளவாம்?

ஐந்து கிலோ நானூறு.

தலையை ஆட்டிக்கொண்டார், குறித்துக்கொண்டவர்போல.